வோட்டு போடறதுக்கு முன்னாடியே பாதி எலெக்‌ஷன் முடிஞ்சிருது

அக்டோபர் வந்துருச்சுன்னா எங்க வாட்ஸாப் குரூப்ல ஒரே மெசேஜ்தான், "யாராச்சும் ப்ராப்ஸ் படிச்சீங்களா, எதுக்கு எஸ் எதுக்கு நோன்னு ஒரு லிஸ்ட் போடுங்கப்பா". பிரசிடென்ட் யாரு கவர்னர் யாருங்கறதுல ஆளாளுக்கு ஒரு கருத்து வெச்சுக்கிட்டு நடுராத்திரி வரைக்கும் சண்டை போடற அதே ஆளுங்க, கலிஃபோர்னியா பேலட்ட திருப்பி அந்த ப்ராப்பசிஷன் வரிசைய, அதாவது இந்தச் சட்டம் வேணுமா வேணாமான்னு நம்ம கிட்டயே கேக்கற கேள்விங்கள, பாத்ததும் அப்படியே அமைதியாயிடுவாங்க. தப்பு சொல்ல முடியாது. 2024 நவம்பர்ல ஸ்டேட் அளவுல மட்டும் 10 ப்ராப். 2020 நவம்பர்ல 12. 2016-ல 17, அந்த வருஷம் ஸ்டேட் வீட்டுக்கு அனுப்பின வோட்டர் கைடு 224 பக்கம். வேலைக்குப் போயிட்டு வந்து புள்ளைய சாப்பிட வெச்சு தூங்க வெச்சுட்டு யாரு 224 பக்கம் படிக்கறது.

நான் லிஸ்ட் போட மாட்டேன். போட்டா சண்டை வரும்ங்கறது ஒரு காரணம். இன்னொண்ணு, ஒரு ப்ராப் எந்த வழியா பேலட்டுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சாலே பாதி முடிவ நீங்களே எடுத்துருவீங்க, லிஸ்ட் தேவைப்படாது. புதுசா சிட்டிசன்ஷிப் வாங்கி மொத தடவ வோட்டு போடப்போற நம்மாளுங்களுக்காக அந்த வழியத்தான் இங்க எழுதறேன்.

போன தடவ என் மாமனார் ஊர்ல இருந்து வந்திருந்தப்போ பேலட் கவர் வந்துச்சு. பிரிச்சு டேபிள் மேல விரிச்சு வெச்சா ரெண்டு மூணு நீள ஷீட்டு. கண்ணாடி போட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் பாத்துட்டு கேட்டாரு, "ஏம்மா, எம்.எல்.ஏ.வுக்கு சம்பளம் குடுத்து அசெம்ப்ளிக்கு அனுப்பிச்சிருக்கீங்க, வாடகை எவ்வளவு, ஜெயில்ல எத்தன வருஷம்னு எல்லாம் அப்புறம் உங்க கிட்டயே எதுக்கு கேக்கறாங்க?" நியாயமான கேள்வி. "அந்த எம்.எல்.ஏ.ங்க மேல நம்பிக்கை போனதாலதான் மாமா இது வந்துச்சு"ன்னேன். "அது எல்லா ஊர்லயும் போனதுதானே"ன்னாரு.

நிஜமாவே அப்படித்தான் வந்துச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடி கலிஃபோர்னியாவுல சதர்ன் பசிஃபிக் ரயில்வே கம்பெனி வெச்சதுதான் சட்டம். அசெம்ப்ளி, கோர்ட், கட்சி ஆளுங்க எல்லாத்துலயும் அவங்க கை இருந்துச்சு. அந்த ரயில்வேய அரசியல விட்டு விரட்டறேன்னு சொல்லியே ஜெயிச்சவரு கவர்னர் ஹைரம் ஜான்சன். அவர் வந்ததும் 1911 அக்டோபர் 10-ம் தேதி ஒரு ஸ்பெஷல் எலெக்‌ஷன் வெச்சாங்க, அதுல மக்கள் வோட்டு போட்டு மூணு உரிமைய வாங்கிக்கிட்டாங்க. மக்களே கையெழுத்து வாங்கி ஒரு சட்டத்த கொண்டு வரலாம், அது இனிஷியேட்டிவ். அசெம்ப்ளி போட்ட சட்டத்த நிறுத்தி வெச்சு வோட்டுக்கு விடலாம், அது ரெஃபரண்டம். பதவில இருக்கறவங்கள நடுவுலயே இறக்கலாம், அது ரீகால். கலிஃபோர்னியா பொம்பளைங்களுக்கு வோட்டுரிமை கெடச்சதும் அதே நாள் அதே பேலட்லதான், அத எனக்கு சொல்லாம விட மனசு வரல. இதுல கலிஃபோர்னியா மொத ஸ்டேட் கிடையாது, சவுத் டகோட்டா 1898-லயே ஆரம்பிச்சிருச்சு, ஆரிகன் 1902-ல. ஆனா இத இந்த அளவுக்கு ஓட்டி எடுத்தது இங்கதான்.

இப்போ பேலட்ல இருக்கற எல்லா ப்ராப்பும் மக்கள் கையெழுத்து போட்டு வந்தது இல்ல. சிலது அசெம்ப்ளியே அனுப்பறது. ஸ்டேட் அரசியல் சட்டத்த மாத்தணும்னா ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்கிட்டு, அப்புறமும் நம்ம கிட்ட வந்து கேட்டே ஆகணும். பெரிய கடன் பத்திரம் விக்கணும்னாலும் அப்படித்தான். 2024-ல 2-ல இருந்து 6 வரைக்கும் நம்பர் போட்டது எல்லாம் அசெம்ப்ளி அனுப்பினது, 32-ல இருந்து 36 வரைக்கும் கையெழுத்து வழியா வந்தது. மொதல்ல இத பிரிச்சுப் பாத்துருங்க. ஏன்னா அசெம்ப்ளி வழியா வந்ததுன்னா ஒரு கமிட்டியாச்சும் ஒக்காந்து அடிச்சுத் திருத்தியிருக்கும். கையெழுத்து வழியா வந்தது அப்படி இல்ல, யாரு எழுதினாங்களோ அவங்க எழுதின எழுத்துதான் கமா புள்ளி மாறாம நம்ம முன்னாடி வருது.

அந்த கையெழுத்து வழி எப்படின்னு பாப்போம். யாரு வேணா எழுதலாம், நீங்க கூட. எழுதி அட்டர்னி ஜெனரல் (ஸ்டேட்டோட தலைமை வக்கீல்) ஆஃபீஸ்ல குடுத்து 2,000 டாலர் கட்டணும், பேலட்ல ஏறிருச்சுன்னா அந்தக் காசு திரும்ப வந்துரும். 2015 வரைக்கும் வெறும் 200 டாலர்தான் இருந்துச்சு. 30 நாள் பொதுமக்கள் கருத்து சொல்லலாம், செலவு எவ்வளவு ஆகும்னு லெஜிஸ்லேட்டிவ் அனலிஸ்ட் ஆஃபீஸும் நிதித்துறையும் கணக்கு போட்டுத் தருவாங்க, அட்டர்னி ஜெனரல் தலைப்பும் சுருக்கமும் எழுதித் தருவாரு. அன்னைல இருந்து 180 நாள். அதுக்குள்ள சாதா சட்டம்னா போன கவர்னர் எலெக்‌ஷன்ல விழுந்த வோட்டுல 5 சதவீதம், அரசியல் சட்டத் திருத்தம்னா 8 சதவீதம் கையெழுத்து வேணும். 2022 கணக்குப்படி 5 லட்சத்து 46 ஆயிரத்து 651, இல்லன்னா 8 லட்சத்து 74 ஆயிரத்து 641. இதுல ஒரு வேடிக்கை, கவர்னர் எலெக்‌ஷன்ல ஜனங்க சோம்பேறித்தனமா வீட்லயே ஒக்காந்துட்டாங்கன்னா அடுத்த நாலு வருஷத்துக்கு ப்ராப் கொண்டு வர்றது ஈசி ஆயிடும். 2014-ல அப்படித்தான் வோட்டு கம்மியா விழுந்து தேவையான நம்பர் 3 லட்சத்து 65 ஆயிரத்து 880-க்கு எறங்கிருச்சு, 2016-ல 17 ப்ராப் வந்து குவிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

5 லட்சத்து 46 ஆயிரம்னா 180 நாளும் லீவே இல்லாம தினமும் 3,000 கையெழுத்து. வாலன்டியர்ஸ வெச்சு ஆகற வேலையா இது? நீங்க காஸ்ட்கோ வாசல்லயோ சேஃப்வே வாசல்லயோ பாத்திருப்பீங்க, ஒரு மடக்கு டேபிள், நாலஞ்சு கிளிப்போர்டு, வெயிலுக்குத் தொப்பி, "ரிஜிஸ்டர்ட் வோட்டரா, எந்த கவுண்டி?"ன்னு கேப்பாரு. கவுண்டிய (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஏன் கேக்கறாருன்னா ஒரு தாள்ல ஒரே கவுண்டி ஆளுங்க கையெழுத்துதான் இருக்கணும், அலமேடா கவுண்டி தாள்ல சான்டா க்ளாரா கவுண்டி ஆள் போட்டா அது செல்லாது. பேரும் அட்ரஸும் நாமளேதான் எழுதணும். பெரும்பாலும் இவங்க யாரும் அந்தக் கொள்கைக்காக நிக்கறவங்க இல்ல, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவுன்னு காசு. கெடு நெருங்க நெருங்க ரேட்டு ஏறும், 10 டாலர் தாண்டின சீசனும் உண்டு. ஒரே ஆள் கிட்ட நாலு வேற வேற பெட்டிஷன் இருக்கும், மேல இருக்கறது எல்லாருக்கும் புடிச்ச விஷயமா இருக்கும், அதுல போட்டதும் "இதுலயும் ஒண்ணு போட்டுருங்க"ன்னு அடுத்த கிளிப்போர்டு கைக்கு வரும். காசு குடுத்து கையெழுத்து வாங்கறத தடுக்க முடியாதான்னு கேட்டா, கொலராடோ ஸ்டேட் தடுத்துப் பாத்துச்சு, 1988-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அது பேச்சு சுதந்திரத்துக்கு எதிரானதுன்னு அடிச்சிருச்சு.

மால் வாசல்ல நிக்கற உரிமையும் சும்மா வந்துரல. நம்ம சான் ஹோசே பக்கத்துல கேம்பெல்ல ப்ரூன்யார்டுன்னு ஒரு ஷாப்பிங் சென்டர் இருக்குல்ல, நம்மாளுங்க பாதி பேர் அங்க காஃபி குடிச்சிருப்பாங்க. 1970-கள்ல ஸ்கூல் பசங்க சில பேர் அங்க ஒரு டேபிள் போட்டு ஒரு ஐ.நா. தீர்மானத்துக்கு எதிரா கையெழுத்து வாங்கினாங்க, செக்யூரிட்டி வந்து கெளம்புங்கன்னு சொல்லிட்டாரு. பசங்க கேஸ் போட்டாங்க. 1979-ல கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு, 1980-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ரெண்டும், தனியார் எடமா இருந்தாலும் ஜனங்க கூடற மால்ல கையெழுத்து கேக்க கலிஃபோர்னியாவுல உரிமை உண்டுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. தனியா நிக்கற கடைன்னா பின்னாடி வந்த தீர்ப்புங்க வேற மாதிரி போகுது, அது வக்கீலுங்க பாடு. ஆனா அடுத்த தடவ ப்ரூன்யார்டுல பார்க்கிங் தேடி சுத்தறப்போ இத நெனச்சுக்கோங்க.

கையெழுத்து எல்லாம் கவுண்டி ஆஃபீஸுக்குப் போனதும் ஒவ்வொண்ணா உக்காந்து பாக்க மாட்டாங்க. ஒவ்வொரு கவுண்டியும் 500 அல்லது 3 சதவீதம், எது அதிகமோ அத்தன எடுத்து வோட்டர் லிஸ்டோட ஒப்பிடும். அத வெச்சு கணக்கு போட்டா தேவையானதுல 110 சதவீதத்துக்கு மேல வந்தா பாஸ், 95-க்குக் கீழ வந்தா ஃபெயில், நடுவுல மாட்டினா முழுசும் எண்ணணும். அதனாலதான் காசு இருக்கற கேம்பெயின் எல்லாம் தேவைக்கு மேல பல லட்சம் வாங்கிக் குவிச்சுட்டுப் போறாங்க. எலெக்‌ஷனுக்கு 131 நாள் முன்னாடி, அதாவது ஜூன் கடைசில, கதவ மூடிருவாங்க.

அந்த 131-வது நாள்தான் எனக்கு ரொம்ப சுவாரசியம். 2014-ல ஒரு சட்டம் மாத்தினாங்க, கையெழுத்து எல்லாம் வாங்கி முடிச்சப்புறமும், கெடு வரைக்கும், ப்ராப்ப கொண்டு வந்தவங்களே வாபஸ் வாங்கிக்கலாம்னு. நல்ல எண்ணத்துலதான் பண்ணினாங்க, அசெம்ப்ளி பேசி ஒரு நல்ல சட்டம் போட்டா எதுக்கு வீணா வோட்டுன்னு. 2018 ஜூன் 28 அன்னைக்கு என்ன நடந்துச்சு பாருங்க. சோடா கம்பெனிங்க ஒரு ப்ராப்ப தயார் பண்ணி வெச்சிருந்தாங்க, ஊராட்சி நகராட்சி எந்த வரி ஏத்தினாலும் மூணுல ரெண்டு பங்கு வோட்டு வேணும்ங்கற மாதிரி. அது பாஸாச்சுன்னா ஸ்டேட்ல எந்த ஊர் பட்ஜெட்டும் நிக்காது. அதக் காட்டி, சோடாவுக்கு எந்த ஊரும் 12 வருஷத்துக்கு புதுசா வரி போடக் கூடாதுன்னு ஒரு சட்டத்த அசெம்ப்ளில வாங்கிக்கிட்டு ப்ராப்ப வாபஸ் வாங்கிட்டாங்க. அப்போ கவர்னரா இருந்த ஜெர்ரி ப்ரவுன் அன்னைக்கே கையெழுத்து போட்டாரு. நீங்களும் நானும் அந்த ப்ராப்ப பேலட்ல பாக்கவே இல்ல.

அதே ஜூன் 28-ம் தேதி, அதே கவர்னர், இன்னொரு சட்டத்துலயும் கையெழுத்து போட்டாரு, அது கலிஃபோர்னியா ப்ரைவசி சட்டம். அலஸ்டர் மக்டாகர்ட்னு சான் ஃப்ரான்சிஸ்கோ ரியல் எஸ்டேட் ஆளு ஒருத்தர், நம்ம டேட்டாவ கம்பெனிங்க இஷ்டத்துக்கு விக்கக் கூடாதுன்னு தன் சொந்தக் காசப் போட்டு 6 லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கி வெச்சிருந்தாரு. டெக் கம்பெனிங்க பயந்து போய், ப்ராப்பா வந்தா மாத்தவே முடியாது, சட்டமா வந்தா பின்னாடி பேசிக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க, அவரும் வாபஸ் வாங்கினாரு. ஏதாவது வெப்சைட்ல அடியில "என் தகவல விக்காதீங்க"ன்னு ஒரு லிங்க் பாக்கறீங்களே, அது அங்க இருந்து வந்தது. ஒரே நாள், ஒரே மிரட்டல், ஒண்ணுல நமக்கு லாபம், இன்னொண்ணுல சோடா கம்பெனிக்கு லாபம். ரெண்டுலயும் வோட்டு மட்டும் கெடையாது.

ஏன் கம்பெனிங்க இதுக்கு இப்படி பயப்படறாங்க, ஏன் இதுல இவ்வளவு காசு கொட்டறாங்கன்னா, கலிஃபோர்னியாவுல மக்கள் வோட்டு போட்டு கொண்டு வந்த சட்டத்த அசெம்ப்ளி தன்னிஷ்டத்துக்குத் தொட முடியாது, அந்த ப்ராப்பே அனுமதிச்சிருந்தாதான் முடியும், இல்லன்னா திரும்ப மக்கள் கிட்டதான் வரணும். 2020-ல ப்ராப் 22 ஞாபகம் இருக்கும். ஆப் வழியா ஓட்டுற டிரைவருங்கள கம்பெனி ஊழியருங்களா கணக்கு வெக்கணும்னு அசெம்ப்ளி 2019-ல சட்டம் போட்டுச்சு, ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் எல்லாம் சேந்து 20 கோடி டாலருக்கு மேல போட்டு அதுல இருந்து தப்பிக்க ஒரு ப்ராப் கொண்டு வந்தாங்க. ரைடு புக் பண்ண ஆப்ப தொறந்தா அதுலயே விளம்பரம். 58 சதவீதத்துக்கு மேல ஜெயிச்சுது. உள்ள ஒரு வரி, இத அசெம்ப்ளி திருத்தணும்னா எட்டுல ஏழு பங்கு ஓட்டு வேணும்னு. எட்டுல ஏழு! 2024 ஜூலைல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிருச்சு.

காசு போட்டா எல்லாம் ஜெயிச்சுரும்னும் இல்ல, அதையும் சொல்லணும். 2022-ல ஸ்போர்ட்ஸ் பெட்டிங்குக்கு 26, 27-னு ரெண்டு ப்ராப், ரெண்டு பக்கமும் சேத்து 40 கோடி டாலர் தாண்டிருச்சு, கிரிக்கெட் மேட்ச் நடுவுல கூட அதே விளம்பரம், 27-க்கு விழுந்த எஸ் 20 சதவீதம் கூட இல்ல. நான் கவனிச்ச வரைக்கும் காசால ஒரு ப்ராப்ப பேலட்டுல ஏத்தலாம், ஒரு ப்ராப்ப கொழப்பித் தோக்கடிக்கலாம், ஆனா ஜனங்களுக்குப் புடிக்காதத ஜெயிக்க வெக்கறதுதான் கஷ்டம்.

நம்ம பாக்கெட்ட தினமும் தொடறது ப்ராப் 13. 1978 ஜூன்ல ஹாவர்ட் ஜார்விஸும் பால் கேனும் கொண்டு வந்தது, கிட்டத்தட்ட 65 சதவீதம் வோட்டு. வீட்டு வரி அடிப்படை 1 சதவீதம், கணக்குல வெச்ச மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறக் கூடாது, வீடு கை மாறினாதான் புது மதிப்பு. பழைய ஆளுங்களுக்கு 1975 மதிப்பு. அப்போ 50 ஆயிரம் டாலர் மதிப்பு இருந்த ஒரு வீட்டுக்கு 50 வருஷம் 2 சதவீதம் ஏத்தினாலும் 1 லட்சத்து 35 ஆயிரம் வராது, வரி ஆயிரத்து முன்னூத்திச் சொச்சம். பக்கத்து வீட்ட நம்மாளு 20 லட்சம் டாலருக்கு வாங்கி வருஷம் 20 ஆயிரத்துக்கு மேல கட்டறாரு. ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி. எங்க குரூப்ல இதப் பத்தி பேச்சு வந்தா வாடகைக்கு இருக்கறவங்க, புதுசா வாங்கினவங்க, 1998-லயே வாங்கினவங்கன்னு மூணு கட்சி ஆயிடும், மூணாவது கட்சி எப்பவும் அமைதியா இருக்கும்.

சரி, கையெழுத்து தாண்டி பேலட்டுக்கு வந்தாச்சு. இப்போ பேலட்ல பெரும்பாலான ஜனங்க படிக்கறது தலைப்பும் சுருக்கமுமா வர்ற அந்த 75 வார்த்தைய மட்டும்தான். அத எழுதறது அட்டர்னி ஜெனரல், அவரும் ஒரு கட்சிக்காரர், எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சு வந்தவர். 2018-ல ப்ராப் 6, பெட்ரோல் வரி ஏத்தினத ரத்து பண்றது. கொண்டு வந்தவங்களுக்கு "வரி ரத்து"ன்னு தலைப்பு வரணும்னு ஆசை. வந்த தலைப்பு எப்படின்னா, ரோடு ரிப்பேருக்குன்னு இருக்கற சில நிதிய நீக்குதுன்னு ஆரம்பிச்சுது. ரெண்டும் உண்மைதான். தோத்துருச்சு. 2024-ல இன்னொரு ப்ராப் 6, ஜெயில்ல இருக்கறவங்கள கட்டாய வேலை வாங்கறத தடுக்கறது. கைடுல எதிர்த்து வாதம் எழுதக் கூட ஒருத்தரும் வரல, ஆனா தோத்துச்சு. அதே நாள் நெவாடாவுல அதே மாதிரி ஒண்ணு ஜெயிச்சுது, அங்க பேலட்ல அடிமைத்தனம்னு நேரா போட்டிருந்துச்சு, இங்க அந்தச் சொல் இல்ல. அது மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா தலைப்ப சும்மா விட்டுறாதீங்க.

ரெஃபரண்டத்துல இன்னும் கொழப்பம். 2014-ல அசெம்ப்ளி ப்ளாஸ்டிக் பைய தடை பண்ணுச்சு, பை கம்பெனிங்க கையெழுத்து வாங்கி அத நிறுத்தி வெச்சாங்க, 2016-ல ப்ராப் 67-ஆ வந்துச்சு. தடைய எதிர்த்து கையெழுத்து வாங்கினது அவங்க, ஆனா பேலட்ல எஸ் போட்டா தடை இருக்கும், நோ போட்டா தடை போயிடும். எஸ் ஜெயிச்சாலும், நடுவுல ரெண்டு வருஷம் பைய வித்துக்கிட்டாங்கல்ல, அவங்களுக்கு அதுவே லாபம்.

எலெக்‌ஷனுக்கு ஒரு மாசம் முன்னாடி பேலட் தபால்ல வந்துரும், ஸ்டாம்பு கூட ஒட்ட வேண்டாம். கைடு தனியா வரும், 10 மொழில போடறாங்க, இந்தி இருக்கு, தமிழ் இல்ல (பரவால்ல, இந்தில குடுத்தா மட்டும் எங்க வீட்ல யாரு படிக்கப் போறா). இது ரெண்டோட கூடவே வழவழன்னு கலர் அட்டைங்க வரும், கட்சி அனுப்பின மாதிரியே இருக்கும், டீச்சர், ஃபயர்மேன் படமெல்லாம் போட்டு. பேரு பக்கத்துல குட்டியா ஒரு நட்சத்திரக் குறி இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த எடத்துக்கு காசு குடுத்திருக்காங்கன்னு அர்த்தம். எங்க வீட்ல அது நேரா ரீசைக்கிள் டப்பாவுக்குப் போகுது.

நான் படிக்கற வரிசை இதுதான்: மொதல்ல லெஜிஸ்லேட்டிவ் அனலிஸ்ட் எழுதின பகுதி, அவங்க எந்தப் பக்கமும் சாய மாட்டாங்க, எஸ் போட்டா என்ன ஆகும், நோ போட்டா என்ன ஆகும்னு தெளிவா இருக்கும். அப்புறம் காசு போட்ட பெரிய கைங்க யாருன்னு செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் (ஸ்டேட்ல தேர்தலப் பாத்துக்கற அதிகாரி) சைட்ல பாப்பேன். கடைசியாதான் வாதம், எதிர்வாதம். அதுவும் யாரு கையெழுத்து போட்டிருக்காங்கன்னு கீழ இருந்து மேல படிப்பேன்.

இந்த மூணும் எதுக்கு வேணும்ங்கறதுக்கு 2024 ப்ராப் 34 ஒண்ணு போதும். பேலட்ல படிச்சா ஏதோ மருந்து மூலமா வர்ற பணத்த நோயாளிங்களுக்கே செலவு பண்ண சொல்ற நல்ல காரியம் மாதிரி இருக்கும். உள்ள போனா இது யாருக்குப் பொருந்தும்னு ஒரு கண்டிஷன்: பத்து வருஷத்துல 10 கோடி டாலருக்கு மேல நோயாளி சிகிச்சை இல்லாத வேற விஷயத்துல செலவு பண்ணியிருக்கணும், கூடவே அபார்ட்மென்ட் நடத்தணும், அதுல 500-க்கு மேல பெரிய சுகாதார, பாதுகாப்பு மீறல் இருந்திருக்கணும். ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட சட்டத்துல அபார்ட்மென்ட் எங்க வந்துச்சு? எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு வாடகைக் கட்டுப்பாடு கேட்டு 2018, 2020, 2024-னு மூணு தடவ ப்ராப் கொண்டு வந்துச்சு, மூணும் தோத்துச்சு. அவங்க கிட்ட அலுத்துப் போன வீட்டு ஓனருங்க சங்கம், பேரே சொல்லாம, அவங்களுக்கு மட்டும் பொருந்தற மாதிரி அளவெடுத்து இத எழுதிச்சு. கைடுல எதிர் தரப்பு இத பழிவாங்கற ப்ராப்னே எழுதியிருந்தாங்க. 51 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மியா வாங்கி பாஸ் ஆயிடுச்சு, அந்த தடவ குரூப்ல சுத்தின லிஸ்ட்லயும் 34-க்கு நேரா எஸ்னுதான் இருந்துச்சு.